அணை கட்டியாச்சு, கரன்ட்டும் வந்தாச்சு... நைல் நதிச் சண்டை ஏன் இன்னும் தீரவில்லை?

2025 செப்டம்பர் 9. எத்தியோப்பியாவில், சூடான் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் குபா என்ற இடத்தில் பெரிய விழா. ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய நீர்மின் அணையைப் பிரதமர் அபி அகமது திறந்து வைத்தார். கென்ய அதிபர் வில்லியம் ரூட்டோ உட்பட அக்கம்பக்கத்து நாட்டுத் தலைவர்கள் பலர் மேடையில் இருந்தார்கள். அதே நாளில் எகிப்து, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு ஒரு கண்டனக் கடிதம் அனுப்பியது.

அடுத்த சில வாரங்களில் சூடானின் நைல் கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. எகிப்தின் டெல்டா பகுதியிலும் ஆற்றை ஒட்டிய வயல்களும் வீடுகளும் மூழ்கின. எத்தியோப்பியா பொறுப்பில்லாமல், திடீரென்று தண்ணீரைத் திறந்துவிட்டது என்றது எகிப்து. இந்த அணை மட்டும் இல்லையென்றால் சேதம் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்றது எத்தியோப்பியா.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. இந்த அணையால் தண்ணீர் வராமல் போய்விடுமோ என்றுதான் எகிப்து 14 வருடங்களாகப் பயந்துகொண்டிருந்தது. ஆனால், அணை திறந்த பிறகு வந்த முதல் சண்டை, தண்ணீர் அதிகமாக வந்ததற்காக!

அப்படியென்றால் பிரச்சினை தண்ணீரின் அளவா, வேறு ஏதாவதா? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- எத்தியோப்பியா தன் மண்ணில், நீல நைல் ஆற்றின் குறுக்கே 'மாபெரும் எத்தியோப்பிய மறுமலர்ச்சி அணை'யைக் கட்டி முடித்துவிட்டது.
- நைலை நம்பியே வாழும் எகிப்து, இதை உயிர்ப் பிரச்சினையாகப் பார்க்கிறது.
- இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சூடானுக்கு இந்த அணையால் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு.
- மழை பொய்த்தால் எவ்வளவு தண்ணீர் திறக்க வேண்டும் என்று மூன்று நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மொத்தச் சிக்கலும் இங்கேதான்.

முதலில் மேப்பைப் பார்த்துடலாம்

நைல் நதியின் நீளம் சுமார் 6,650 கிலோமீட்டர். படுகையில் 11 நாடுகள் இருக்கின்றன. நைல் என்றதும் நமக்குப் பிரமிடும் எகிப்தும்தான் ஞாபகம் வரும். ஆனால், நைலுக்குத் தண்ணீர் எகிப்தில் உற்பத்தியாவதில்லை.

நைலுக்கு இரண்டு முக்கியக் கிளைகள். விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து வருவது வெள்ளை நைல். எத்தியோப்பியாவின் டானா ஏரியில் தொடங்கி மலைகளைக் குடைந்துகொண்டு இறங்குவது நீல நைல். சூடான் தலைநகர் கார்ட்டூமில் இரண்டும் சேர்கின்றன. எகிப்தின் அஸ்வானுக்கு வந்து சேரும் தண்ணீரில் ஏறத்தாழ 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருவது. அதில் பெரிய பங்கு நீல நைலுடையது.

அதுவும் வருடம் முழுக்க ஒரே மாதிரி வராது. ஜூலை முதல் அக்டோபர் வரை வெள்ளமாக வரும். மற்ற மாதங்களில் ஆறு இளைத்துவிடும். அந்த நான்கு மாதத் தண்ணீரை யார் பிடித்து வைக்கிறார்களோ, அவர்கள் கையில்தான் மீதி எட்டு மாதங்களும் இருக்கும்.

அணை எவ்வளவு பெருசு?

உயரம் 145 மீட்டர். நீளம் சுமார் 1.8 கிலோமீட்டர். கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். நமக்குப் பழகிய கணக்கில், 100 கோடி கன மீட்டர் என்பது சுமார் 35.3 டி.எம்.சி. அப்படிப் பார்த்தால் இந்த அணையில் சுமார் 2,610 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்கலாம். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதாவது, கிட்டத்தட்ட 28 மேட்டூர்!

இந்த இடத்தில் நீல நைலில் ஒரு வருடத்துக்குச் சராசரியாக வருவது சுமார் 1,730 டி.எம்.சி. ஒன்றரை வருட ஆற்றையே பிடித்து வைக்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. மின் உற்பத்தித் திறன் 5,150 மெகாவாட்.

1902, 1929, 1959... யார் போட்ட கணக்கு இது?

இந்தச் சண்டையின் வேர் மூன்று பழைய காகிதங்களில் இருக்கிறது.

முதலாவது 1902-ல் வந்தது. எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தம். நீல நைலின் ஓட்டத்தைத் தடுக்கும் கட்டுமானம் எதையும் பிரிட்டன், சூடான் அரசுகளின் சம்மதம் இல்லாமல் கட்டுவதில்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இந்த வரியை எகிப்து இன்றும் எடுத்துக் காட்டுகிறது. தடுப்பது என்றால் ஆற்றை முழுக்க நிறுத்துவது, பயன்படுத்தவே கூடாது என்று அர்த்தம் இல்லை என்பது எத்தியோப்பியத் தரப்பின் வாதம். ஆங்கிலப் பிரதியும் அம்ஹாரிக் மொழிப் பிரதியும் ஒரே பொருளைத் தருகின்றனவா என்பதிலேயே தகராறு உண்டு.

இரண்டாவது 1929 ஒப்பந்தம். அப்போது சூடானும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளும் பிரிட்டன் கையில் இருந்தன. பிரிட்டனின் நூற்பாலைகளுக்கு எகிப்தின் பருத்தி தேவைப்பட்டது. எனவே, தன் கட்டுப்பாட்டில் இருந்த நாடுகளின் சார்பில் பிரிட்டனே எகிப்துடன் பேசி முடித்தது. மேல்மடையில் தனக்குப் பாதகமான எந்தத் திட்டத்தையும் தடுக்கும் உரிமை எகிப்துக்குக் கிடைத்தது.

மூன்றாவதும் முக்கியமானதும் 1959-ல் எகிப்தும் சூடானும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அஸ்வானில் ஒரு வருடத்துக்குச் சராசரியாகக் கிடைக்கும் தண்ணீர் 8,400 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 2,960 டி.எம்.சி. அதை இப்படிப் பிரித்தார்கள்:

- எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டர் (சுமார் 1,960 டி.எம்.சி.)
- சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டர் (சுமார் 650 டி.எம்.சி.)
- ஆவியாகிப் போவதற்கு 1,000 கோடி கன மீட்டர் (சுமார் 350 டி.எம்.சி.)

கூட்டிப் பாருங்கள். மொத்தமும் முடிந்துவிட்டது. ஆவியாகும் தண்ணீருக்குக்கூட ஒரு பங்கு இருக்கிறது. 85 சதவீதம் தண்ணீர் தரும் எத்தியோப்பியாவுக்கு? பூஜ்யம். அந்தப் பேச்சுவார்த்தைக்கு எத்தியோப்பியாவைக் கூப்பிடவே இல்லை.

இந்த ஒப்பந்தத்தை எத்தியோப்பியா ஏன் மதிப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதே சமயம், அறுபது வருடங்களுக்கும் மேலாக அந்த 5,550 கோடியை நம்பித்தான் எகிப்து தன் வயல்களையும் ஊர்களையும் அமைத்திருக்கிறது என்பதும் உண்மை.

'எங்க காசு, எங்க அணை'

நீல நைலில் எங்கே அணை கட்டலாம் என்று அமெரிக்க வல்லுநர்கள் ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது 1964-ல். ஆனால், வேலை தொடங்கியது 2011 ஏப்ரல் 2-ல்தான். அப்போதைய பிரதமர் மெலஸ் ஜெனாவி அடிக்கல் நாட்டினார். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் மக்கள் போராட்டத்தால் எகிப்து அதிபர் முபாரக் பதவி விலகியிருந்தார். கெய்ரோ வேறு எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை.

கடைமடை நாடு எதிர்க்கும் அணைக்கு வெளியிலிருந்து கடன் கிடைப்பது கஷ்டம். அதனால் செலவின் பெரும்பகுதியை எத்தியோப்பியா உள்நாட்டிலேயே திரட்டியது. பொதுமக்களுக்கும் வெளிநாட்டில் வாழும் எத்தியோப்பியர்களுக்கும் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. அரசு ஊழியர்களின் சம்பளத்திலிருந்து பங்களிப்பு வாங்கப்பட்டது. எஸ்.எம்.எஸ். மூலமும் நன்கொடை சேர்த்தார்கள். திட்டச் செலவு சுமார் 500 கோடி டாலர்.

அதனால்தான் இந்த அணை அங்கே வெறும் மின் திட்டம் கிடையாது. அரசியலில் எலியும் பூனையுமாக இருப்பவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நிற்கிறார்கள். 12 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னும் மின் இணைப்பு இல்லை. விறகு அடுப்பில் சமைத்து, விளக்கொளியில் படிக்கும் வீடுகள் ஏராளம். மிச்சமாகும் மின்சாரத்தைப் பக்கத்து நாடுகளுக்கு விற்று டாலர் சம்பாதிக்கலாம் என்பது இன்னொரு கணக்கு.

இதே கதை ஒருகாலத்தில் எகிப்திலும் நடந்திருக்கிறது. 1956-ல் அஸ்வான் உயர் அணைக்குத் தருவதாகச் சொன்ன நிதியை அமெரிக்காவும் பிரிட்டனும் பின்வாங்கின. கோபமடைந்த அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிறகு சோவியத் உதவியுடன் 1970-ல் அணை முடிந்தது. எகிப்தின் தேசியப் பெருமையாக அது கொண்டாடப்பட்டது. அந்த அணையைக் கட்டும்போது எகிப்தும் எத்தியோப்பியாவிடம் அனுமதி கேட்கவில்லை.

எகிப்தின் பயம் நியாயமானதா?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும்.

1959-ல் ஒப்பந்தம் போட்ட சமயத்தில் எகிப்தின் மக்கள்தொகை சுமார் 2.6 கோடி. தன் பங்கு நைல் நீரைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால், ஒருவருக்கு வருடத்துக்கு 2,100 கன மீட்டருக்கும் மேல் வந்தது. இன்று மக்கள்தொகை சுமார் 10.7 கோடி. தண்ணீர் அதே அளவுதான். தலைக்குக் கிடைப்பது 520 கன மீட்டருக்கும் குறைவு. 1,000-க்குக் கீழே போனால் தண்ணீர்ப் பற்றாக்குறை நாடு என்பது உலக அளவில் பயன்படுத்தப்படும் அளவுகோல். 500-க்குக் கீழே போனால் கடும் பற்றாக்குறை.

எகிப்தில் மழை கிடையாது என்றே சொல்லலாம். தண்ணீர்த் தேவையில் 90 சதவீதத்துக்கும் மேல் நைல்தான். நாட்டின் பெரும்பகுதி பாலைவனம். ஆற்றை ஒட்டிய குறுகிய பச்சைப் பட்டையிலும் டெல்டாவிலும்தான் கிட்டத்தட்ட எல்லோரும் வாழ்கிறார்கள். வயலில் வடியும் நீரை மறுபடி எடுத்துப் பாய்ச்சுகிறார்கள். நெல் போடும் பரப்புக்கு அரசு வரம்பு வைக்கிறது. கோதுமையை வெளியே வாங்குகிறார்கள். மத்திய தரைக்கடல் ஓரம் உப்புநீர் நிலத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு இறுக்கத்தில் இருக்கும் ஒரு நாட்டுக்கு, மேலே ஒரு ஷட்டர் வருகிறது. அதன் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்றால் பயம் வராமல் இருக்குமா?

அணை தண்ணீரைக் குடிச்சிடுமா?

சமூக வலைதளங்களில் அதிகம் சுற்றும் தவறான புரிதல் இதுதான். நீர்மின் அணை தண்ணீரைச் செலவழிப்பதில்லை. தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டு மறுபடி ஆற்றிலேயே விழுகிறது. கரன்ட் வேண்டும் என்றால் எத்தியோப்பியா தண்ணீரைத் திறந்தே ஆக வேண்டும். அணை இருக்கும் மலை இடுக்கு, பாசனத்துக்குத் தோதான இடமும் இல்லை.

அப்போ இழப்பே இல்லையா? இருக்கிறது. மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, முதல் நிரப்புதல். காலியான அணை நிரம்பும் வரை அந்தத் தண்ணீர் கீழே போகாது. 2020 ஜூலையில் தொடங்கி ஒவ்வொரு மழைக்காலத்திலும் எத்தியோப்பியா கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியது. நல்லவேளை, அந்த வருடங்களில் மழை ஏமாற்றவில்லை. எகிப்து பயந்த அளவுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. இந்தக் கட்டம் முடிந்துவிட்டது.

இரண்டு, ஆவியாதல். பெரிய நீர்ப்பரப்பு இருந்தால் வெயிலில் தண்ணீர் போகும். ஆனால், சுட்டெரிக்கும் பாலைவனத்தில் இருக்கும் அஸ்வானின் நாசர் ஏரியோடு ஒப்பிட்டால் எத்தியோப்பிய அணையில் இழப்பு மிகக் குறைவு.

மூன்று, வறட்சி. இதுதான் தீராத பிரச்சினை. இதற்கு முன், நடுவில் இருப்பவரைப் பார்த்துவிடலாம்.

நடுவுல மாட்டிக்கிட்ட சூடான்

புதிய அணையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கீழே சூடானின் ரோஸெய்ரெஸ் அணை இருக்கிறது. அதன் கொள்ளளவு மேலே இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இந்த அணையை இயக்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி.

2020 ஜூலையில் எத்தியோப்பியா முதன்முறையாகத் தண்ணீரைத் தேக்கியபோது, எல்லையில் நீர்வரத்து ஒரு நாளைக்கு 9 கோடி கன மீட்டர் குறைந்ததாகச் சூடான் அரசு சொன்னது. கார்ட்டூம் பகுதியில் குடிநீர் எடுக்கும் நிலையங்கள் சில நின்றுபோயின. யாரும் முன்கூட்டியே தகவல் சொல்லவில்லை என்பதுதான் சூடானின் புகார்.

இன்னொரு பக்கம் லாபமும் உண்டு. நான்கு மாதம் வெள்ளம், எட்டு மாதம் வறட்சி என்றிருந்த ஆறு இனி வருடம் முழுக்கச் சீராக ஓடலாம். வெள்ளச் சேதம் குறையும். வண்டல் படிவது குறையும். வருடத்துக்கு ஒரு போகத்துக்குப் பதில் இரண்டு, மூன்று போகம் எடுக்கலாம்.

இதில் எகிப்துக்கு இன்னொரு கவலை ஒளிந்திருக்கிறது. சூடான் இதுவரை தன் 650 டி.எம்.சி. பங்கை முழுசாகப் பயன்படுத்தியதில்லை. மிச்சம் எகிப்துக்குத்தான் ஓடியது. ஆறு சீராகி, சூடான் விவசாயிகள் கூடுதலாகப் பயிர் வைத்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆனால், 2023 ஏப்ரல் முதல் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவப் படைக்கும் நடக்கும் உள்நாட்டுப் போர், சூடானை இதையெல்லாம் யோசிக்கவே விடவில்லை.

மழை பொய்த்தால் என்ன ஆகும்?

1980-களுக்குப் போவோம். எத்தியோப்பிய மலைகளில் மழை வருடக்கணக்கில் ஏமாற்றியது. 1984-85 பஞ்சத்தில் எத்தியோப்பியாவில் லட்சக்கணக்கான மக்கள் இறந்தார்கள். வறட்சியோடு உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டது. சூடானிலும் பஞ்சம்.

அதே வறட்சியில் எகிப்து தப்பித்தது. காரணம், நாசர் ஏரியில் சேமித்து வைத்திருந்த தண்ணீர். ஆனால், ஏரி வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்து, 1988-ல் அஸ்வானின் டர்பைன்களே நின்றுவிடும் நிலைக்கு நெருங்கியது. அந்த வருட மழை நன்றாகப் பெய்ததால் பிழைத்தார்கள்.

இப்போது அதே மாதிரி ஒரு வறட்சி வந்தால், ஆற்றில் இரண்டு ராட்சத அணைகள் இருக்கும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் தேவை வேறு வேறு.

அணையில் நீர்மட்டம் உயரமாக இருந்தால்தான் மின் உற்பத்தி அதிகம். அதனால் வறட்சியில் இருப்பைக் காப்பாற்றவே எத்தியோப்பியா பார்க்கும். இருப்பிலிருந்து எடுத்துக் கீழே விடு என்று எகிப்து கேட்கும். வறட்சி முடிந்து மழை வந்தால் அடுத்த கேள்வி: காலியாகிக் கிடக்கும் இரண்டு அணைகளில் எது முதலில் நிரம்ப வேண்டும்? புவியியல்படி பார்த்தால், மேலே இருப்பதுதான் முதலில் நிரம்பும்.

வறட்சி என்று எதைச் சொல்வது, வருடத்துக்கு எவ்வளவு குறைந்தால் வறட்சி, அப்போது குறைந்தபட்சம் எவ்வளவு திறக்க வேண்டும்? இந்த மூன்று எண்களைத்தான் மூன்று நாடுகளும் பத்து வருடங்களுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கின்றன.

பேசிப் பேசித் தோற்ற கதை

2013: எகிப்து அதிபர் மொர்சி கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், எத்தியோப்பியாவில் கிளர்ச்சியாளர்களுக்கு உதவலாம், அணையையே நாசம் செய்யலாம் என்றெல்லாம் தலைவர்கள் யோசனை சொன்னார்கள். கூட்டம் டிவியில் நேரலையாக ஓடிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது! எத்தியோப்பியா முழுக்க அதைப் பார்த்தது.

2015: மார்ச் 23-ல் கார்ட்டூமில் மூன்று நாடுகளும் 'கொள்கைப் பிரகடனம்' ஒன்றில் கையெழுத்திட்டன. அணையை நிரப்புவதற்கும் இயக்குவதற்கும் விதிகளைச் சேர்ந்து வகுப்போம் என்றார்கள். எவ்வளவு தண்ணீர் என்று அதில் ஒரு எண்கூட இல்லை. விதிகள் உருவான பிறகுதான் நிரப்ப வேண்டும் என்று எகிப்து படித்தது. கட்டுமானத்தின் ஒரு பகுதியாகவே நிரப்பலாம் என்று எத்தியோப்பியா படித்தது.

2019-20: வாஷிங்டனில் அமெரிக்காவும் உலக வங்கியும் உட்கார்ந்து பேச்சு நடத்தின. ஒரு வருட வறட்சி, தொடர் வறட்சி, நீண்டகால வறட்சி என்று மூன்று நிலைகள் வரை பேச்சு முன்னேறியது. இறுதிக் கூட்டத்துக்கு எத்தியோப்பியா வரவில்லை. எகிப்து மட்டும் வரைவில் சுருக்கொப்பம் இட்டது. அமெரிக்கா எகிப்துப் பக்கம் சாய்கிறது என்ற சந்தேகம் எத்தியோப்பியாவுக்கு. அதே வருடம் அக்டோபரில், எகிப்து அந்த அணையைத் தகர்த்துவிடும் என்ற பொருளில் அதிபர் டிரம்ப் பேச, அந்தச் சந்தேகம் உறுதியானது.

2023: நான்கு மாதங்களில் முடிப்போம் என்று அபி அகமதுவும் எகிப்து அதிபர் சிசியும் ஜூலையில் அறிவித்தார்கள். டிசம்பரில் அதுவும் முறிந்தது.

ஒவ்வொரு முறையும் முட்டி நிற்பது ஒரே சொல்லில். விதிகள் சட்டப்படி கட்டாயமாக இருக்க வேண்டும், மீறினால் கேட்க ஒரு வழி வேண்டும் என்பது எகிப்து, சூடானின் கோரிக்கை. வழிகாட்டுதலாக இருக்கட்டும் என்கிறது எத்தியோப்பியா. குறிப்பிட்ட அளவு தண்ணீருக்குக் கட்டாயம் என்று கையெழுத்துப் போட்டால், 1959 கணக்கைப் பின்வாசல் வழியாக ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாளைக்கு மேல்பகுதியில் ஒரு பாசனத் திட்டம்கூடப் போட முடியாது என்பது அதன் பயம்.

இதுவும் வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

சர்வதேச நதிகளுக்கென்று 1997-ல் ஐ.நா. ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2014-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு முக்கியக் கொள்கைகள். நதியை எல்லோரும் நியாயமாகவும் சமத்துவமாகவும் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. மற்ற நாட்டுக்குக் கணிசமான தீங்கு வரக் கூடாது என்பது இன்னொன்று. எத்தியோப்பியா முதல் வரியைக் காட்டும். எகிப்து இரண்டாவது வரியைக் காட்டும். ஐ.நா.வில் வாக்கெடுப்பு நடந்தபோது இரண்டு நாடுகளுமே ஆதரவாகவும் வாக்களிக்கவில்லை, எதிர்ப்பாகவும் வாக்களிக்கவில்லை. இந்தியாவும் அப்படித்தான் ஒதுங்கிக்கொண்டது.

நைல் நாடுகளுக்குள்ளேயே ஒரு தனி ஒப்பந்தம் 2010-ல் உகாண்டாவின் என்டெபியில் கையெழுத்தானது. மற்ற நாட்டின் நீர்ப் பாதுகாப்பைக் கணிசமாகப் பாதிக்கக் கூடாது என்று மேல்மடை நாடுகள் எழுதின. நீர்ப் பாதுகாப்பையும் தற்போதைய பயன்பாட்டையும் உரிமைகளையும் பாதிக்கக் கூடாது என்று எழுதச் சொன்னது எகிப்து. 'தற்போதைய உரிமை' என்று எழுதினால் 1959 கணக்கு உள்ளே வந்துவிடும். ஒத்துவரவில்லை. எகிப்தும் சூடானும் வெளியே நின்றன. தென் சூடானும் சேர்ந்ததால், 2024 அக்டோபர் 13-ல் அந்த ஒப்பந்தம் அவர்கள் இல்லாமலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

போர் வருமா?

எகிப்தின் ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் எடுக்க முடியாது என்ற ரீதியில் சிசி 2021-ல் எச்சரித்தார். ஆனால், அணை நிரம்பிய பிறகு நிலைமை மாறிவிட்டது. 2,610 டி.எம்.சி. தேங்கி நிற்கும் அணையைத் தகர்த்தால், முதலில் அடித்துச் செல்லப்படுவது சூடான். வெள்ளம் எகிப்தையும் விடாது. ராணுவ வழி என்பது மேடைப் பேச்சுக்கு மட்டுமே பயன்படும்.

அப்படியே ஒப்பந்தம் போட்டாலும் போதுமா என்ற கேள்வியும் இருக்கிறது. 1960-ல் கையெழுத்தாகி, மூன்று போர்களைத் தாண்டிய சிந்து நதி ஒப்பந்தத்தை, பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது. அரசியல் உறவு முறிந்தால் காகிதமும் நிற்காது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஆப்பிரிக்காவிலேயே உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நதியில் மாலி, மொரிடேனியா, செனகல் ஆகிய நாடுகள் 1972-ல் ஒரு கூட்டு அமைப்பைத் தொடங்கின. மாலி மண்ணில் இருக்கும் மனன்டாலி அணை, அந்த நாடுகளின் கூட்டுச் சொத்து. கரன்ட்டையும் பகிர்கிறார்கள், செலவையும் பகிர்கிறார்கள். நைலில் அப்படி ஒரு வாய்ப்பு, அணை கட்டுவதற்கு முன்பே நழுவிவிட்டது.

இனி என்னதான் வழி?

முழு ஒப்பந்தம் இப்போதைக்கு வராது என்றாலும், உடனே செய்யக்கூடிய சின்ன விஷயங்கள் இருக்கின்றன.

- தினசரித் தகவல்: அணையில் இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். இந்த மூன்று எண்களும் தினமும் ரோஸெய்ரெஸுக்கும் அஸ்வானுக்கும் போனாலே, 2020 குடிநீர்த் தட்டுப்பாடும் 2025 வெள்ளமும் மாதிரியான நேரங்களில் சேதத்தைக் குறைக்கலாம். யார் மேல் தப்பு என்ற சண்டையும் குறையும்.
- வறட்சிக்கு மட்டும் தனி விதி: யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பெரிய கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, மழை பொய்த்த வருடத்துக்கு மட்டும் குறைந்தபட்ச அளவைக் குறித்துக்கொள்ளலாம். அது 1959 கணக்கை ஏற்பதாகாது என்று அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.
- கீழேயும் சிக்கனம்: அணையே இல்லாவிட்டாலும் எகிப்தின் தலைக்கணக்கு 500-ஐ நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. பாசன முறையை மாற்றாமல் அந்த நாட்டுக்கும் வேறு வழி இல்லை.

இதில் முதல் விஷயத்துக்குப் பெரிய மாநாடோ, மத்தியஸ்தரோ தேவையில்லை. சண்டையில் யாரும் ஒரு சொட்டுக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் மூன்று எண்களை அனுப்பினால் போதும். அதுவே இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை என்பதுதான், மீதி எல்லாவற்றையும்விடக் கவலைக்குரிய விஷயம்.

எத்தியோப்பிய மலைகளில் ஒவ்வொரு ஜூனிலும் மழை தொடங்கும். 1980-களில் வந்த மாதிரி, மழை வராத ஜூன்களும் மறுபடி வரும். அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் திறக்க வேண்டும் என்று, மழை நன்றாக இருக்கும் வருடங்களிலேயே பேசி வைத்தால்தான் உண்டு. அணைகள் காலியான பிறகு உட்கார்ந்து பேசினால், எந்த நாடும் விட்டுக்கொடுக்கும் நிலையில் இருக்காது.